மாற்றக்கூடியதும் மாற்றக்கூடாததும்: பழைய ஆர்கேட் இயந்திரங்களைச் சீரமைத்தல்

1981-இல் அமெரிக்க விளையாட்டுக் கூடங்களுக்கு வந்த முதல் டாங்கி காங் இயந்திரங்கள் வேறொரு விளையாட்டுக்காகச் செய்யப்பட்டவை. ரேடார் ஸ்கோப் என்ற விண்வெளிச் சண்டையை நிண்டெண்டோ பெரிய நம்பிக்கையோடு அமெரிக்காவுக்கு அனுப்பியிருந்தது, அது எடுபடவில்லை. கிடங்கில் தேங்கிய சுமார் 2,000 இயந்திரங்களைத் திறந்து, உள்ளிருந்த போர்டுகளை மாற்றியமைத்து, படங்களைப் புதிதாக ஒட்டி டாங்கி காங் என்று விற்றார்கள். அந்தச் சிவப்புப் பெட்டிகளைத்தான் சேகரிப்பாளர்கள் இன்று தேடி அலைகிறார்கள். பின்னால் புதிதாகச் செய்த பெட்டிகள் நீல நிறம். அடுத்த ஆண்டு வந்த மிஸ் பேக்-மேனும் இப்படிப் பிறந்ததுதான். ஜெனரல் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன் என்ற சிறு நிறுவனத்து இளைஞர்கள் பேக்-மேன் இயந்திரத்தில் செருகுவதற்காக 'கிரேஸி ஓட்டோ' என்றொரு மாற்றுப் பலகையை உருவாக்கினார்கள். மிட்வே நிறுவனம் அதை வாங்கி, பெயரையும் உருவத்தையும் மாற்றி வெளியிட்டது. ஒரு லட்சத்துக்கும் மேல் விற்ற அந்த விளையாட்டின் பின்கதவைத் திறந்தால், பேக்-மேன் போர்டின் மேல் ரிப்பன் கேபிளோடு ஒரு சிறு பலகை உட்கார்ந்திருப்பதை இன்றும் பார்க்கலாம்.

பழைய இயந்திரம் ஒன்றை 'அசல் நிலைக்கு'க் கொண்டுவருவதாகச் சொல்பவர் எந்த அசலைச் சொல்கிறார் என்று கேட்க வேண்டியிருப்பது இதனால்தான். அமெரிக்காவில் ஆர்கேட் தொழில் 1982-க்குப் பிறகு சரிந்தது. இயந்திரங்களைக் கடைகளிலும் மதுக்கூடங்களிலும் வைத்துக் காசு எண்ணிய ஆபரேட்டர்கள் புதுப் பெட்டி வாங்குவதை நிறுத்திவிட்டு, பழைய பெட்டிக்குள் புது விளையாட்டைப் பொருத்தத் தொடங்கினார்கள். 1985-இல் ஜப்பானியத் தொழில் சங்கம் 56 பின்கள் கொண்ட 'ஜம்மா' இணைப்பைப் பொதுத் தரமாக்கியதும் அந்த வேலை இன்னும் எளிதாயிற்று. மஞ்சள் பேக்-மேன் பெட்டிகள் கறுப்புப் பெயின்டுக்குள் மறைந்தன. கட்டுப்பாட்டுப் பலகைகளில் புதிய ஓட்டைகள் விழுந்தன. பழைய போர்டுகள் குப்பைக்குப் போயின. இன்று ஒரு கொட்டகையிலிருந்தோ பழைய கிடங்கிலிருந்தோ வெளியே வரும் இயந்திரம் பெரும்பாலும் இரண்டு மூன்று வாழ்க்கை வாழ்ந்து முடித்ததாகவே இருக்கும்.

சீரமைப்பவர்களிடையே இதனால் மூன்று போக்குகளைக் காணலாம். தொழிற்சாலையிலிருந்து அன்றுதான் இறங்கியது போலப் பளபளக்க வேண்டும் என்பவர்கள் ஒரு வகை. கீறலும் சிகரெட் சூடும் வரலாறு, தூசு தட்டி ஓடவைத்தால் போதும் என்பவர்கள் இன்னொரு வகை. பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே கணினியும் எல்.சி.டி. திரையும் பொருத்துபவர்கள் மூன்றாம் வகை. இவர்களுக்குள் நடக்கும் வாக்குவாதம் பல ஆண்டுகளாக ஓய்ந்தபாடில்லை. மூன்றில் எதையும் முழுசாக ஏற்க எனக்கு மனமில்லை. பொருளைப் பார்த்து முடிவெடுப்பதே சரி என்று நினைக்கிறேன். இயந்திரத்துக்குள் இருப்பவற்றில் சில இன்றும் செய்யப்படுகின்றன: கண்டென்சர், ஃபியூஸ், பொத்தான், விளிம்புப் பட்டை, பவர் சப்ளை. இவற்றைத் தயங்காமல் மாற்றலாம். பிக்சர் டியூப், நிறுவனங்கள் தமக்கென்றே வார்த்த சிப்புகள், திரை அச்சில் (ஸ்கிரீன் பிரின்டிங்) மை ஏற்றிய அசல் கண்ணாடி ஆகியவற்றை மீண்டும் செய்ய இன்று ஆலை இல்லை, அல்லது செய்தாலும் அதே பொருளாக வராது. கவனமும் பொறுமையும் பணமும் முதலில் போக வேண்டியது இவற்றுக்குத்தான். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் வாரமே பெட்டிக்குப் பெயின்ட் அடித்துவிட்டு, ஆறு மாதம் கழித்து டியூப் செத்துக் கிடப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இயந்திரம் கையில் கிடைத்ததும் பிளக்கைச் செருகிப் பார்க்கத் தோன்றும். அந்த ஆசையைக் கட்டுப்படுத்துவதுதான் முதல் வேலை. இருபது ஆண்டு உறங்கிய பவர் சப்ளை 5 வோல்ட்டுக்குப் பதிலாக 9 வோல்ட் அனுப்பினால், மாற்றுக் கிடைக்காத சிப்புகள் ஒரு நொடியில் போய்விடும். கழற்றும் முன் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த வயர் எந்தப் பின்னில், எந்தத் திருகு எந்த ஓட்டையில், எந்தப் பக்கம் பார்த்து எந்தச் சிப் உட்கார்ந்திருக்கிறது என்பதெல்லாம் அன்று மனப்பாடமாக இருப்பது போலத் தோன்றும். ஒரு மாதத்தில் மறந்துபோகும். நாணயக் கதவின் சாவி தொலைந்திருந்தால் பூட்டைத் துளையிட்டு எடுப்பதே நல்லது. பூட்டு மலிவு. நெம்புகோல் வைத்துக் கதவை வளைத்துவிட்டால் அந்தக் கதவுக்கு ஈடு தேடுவது பெரும்பாடு.

பெட்டிக்குள் எலி குடியிருந்த தடம் தெரிந்தால் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. அமெரிக்கக் கிராமப்புறங்களில் எலிக் கழிவின் தூசு வழியாக ஹான்டா வைரஸ் பரவுவதால், பிளீச் கலந்த நீரைத் தெளித்து ஊறவிட்டு, கையுறை அணிந்து ஈரத்துணியால் துடைத்தெடுக்கும்படி அங்குள்ள பொதுச் சுகாதாரத் துறை சொல்கிறது. எங்கிருந்து வந்த பெட்டியானாலும் அப்படிச் செய்வதில் நட்டமில்லை.

அடுத்தது மின்சாரம். விளையாட்டுப் போர்டையும் மானிட்டரையும் முழுதாகக் கழற்றிவிட்டு, பவர் சப்ளையை மட்டும் தனியாக ஏற்றி மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். ஃபியூஸ்கள் குறித்த அளவில் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். அவசரத்துக்கு 10 ஆம்பியர் ஃபியூஸோ வெறும் தகட்டுத் துண்டோ சொருகிவைத்த ஆபரேட்டர்கள் ஏராளம். அட்டாரி இயந்திரங்களின் அடியில் 'பிக் புளூ' என்று செல்லப்பெயர் பெற்ற பெரிய நீலக் கண்டென்சர் ஒன்று இருக்கும். அது காய்ந்துபோனால் மின்சாரத்தில் அலை கலந்து, விளையாட்டு தானாகவே திரும்பத் திரும்பத் தொடங்கும். பார்த்ததும் மாற்றிவிடலாம், அதில் பழமைக்கென்று மதிப்பில்லை. 5 வோல்ட்டைப் பவர் சப்ளையின் முனையில் அளந்து திருப்தியடைவது போதாது. கறுத்த இணைப்புகளில் வழியிலேயே அரை வோல்ட் தொலையும். போர்டு பொருத்திய பிறகு சிப்பின் கால்களிலேயே அளந்து, 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் நிற்கும்படி வைக்க வேண்டும். பேக்-மேன் போர்டில் இன்னொரு தொல்லை உண்டு. ஏழு வோல்ட் மாறுமின்சாரம் நேராகப் போர்டுக்குள் வந்து அங்கேதான் நேர்மின்சாரமாகிறது. அவ்வளவு ஓட்டத்தையும் தாங்கும் விளிம்பு இணைப்பின் செம்புத் தடங்கள் ஆண்டுக்கணக்கில் சூடேறிக் கருகிப்போயிருக்கும். கருகிய தடத்தைச் சுரண்டி ஈயம் பூசினால் மட்டும் நிற்காது, இணைப்பான் முழுவதையும் புதிதாகப் போட வேண்டும்.

அமெரிக்க இயந்திரம் இந்தியாவுக்கோ இலங்கைக்கோ வந்துசேர்ந்தால் மின்னழுத்தத்தைப் பார்க்காமல் செருகக் கூடாது. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230, 50. அட்டாரியின் பல பவர் சப்ளைகளில் மின்னழுத்தத்துக்கு ஏற்றபடி மாற்றிச் செருகும் வசதி உண்டு. அது இல்லாதவற்றுக்குத் தாராளமான திறனுள்ள ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 50 ஹெர்ட்ஸில் பழைய டிரான்ஸ்ஃபார்மர்கள் சற்றுக் கூடுதலாகச் சூடாகும் என்பதால் முதல் சில நாள்கள் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி மானிட்டர். இந்தக் கலையின் மையம் இதுதான், ஆபத்தும் இதில்தான். 19 அங்குல வண்ண டியூபின் ஆனோடில் 20,000 வோல்ட்டும் அதற்கு மேலும் தேங்கும். பிளக்கைப் பிடுங்கி நாளாகியிருந்தாலும் மிச்சம் இருக்கலாம். காப்பிட்ட கைப்பிடியுள்ள நீண்ட ஸ்க்ரூடிரைவரில் வயரைப் பிணைத்து, வயரின் மறுமுனையை மானிட்டரின் இரும்புச் சட்டத்தில் கவ்வவிட்டு, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஆனோடை மூடியுள்ள ரப்பர் குப்பிக்கு அடியில் நுழைத்துத் தொட வேண்டும். சில நிமிடம் விட்டு மறுபடியும் தொட வேண்டும். கண்ணாடிக்குள் மிச்ச மின்னேற்றம் திரும்பிவந்து சேரும். இதைப் பழகியவர் ஒருவர் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுக்காமல் யாரும் தனியாக முயலக் கூடாது. இன்னொரு எச்சரிக்கை டியூபைக் காப்பதற்கானது. அதன் கழுத்து மெல்லியது. மானிட்டரைத் தூக்கும்போது கழுத்து எங்காவது இடித்தால் 'உஸ்' என்ற ஓசையோடு வெற்றிடம் போய்விடும். கழுத்துக்குள் வெள்ளிபோலப் பளபளக்கும் பூச்சு பால் வெள்ளையாக மாறியிருந்தால் டியூப் ஏற்கெனவே இறந்துவிட்டது என்று அர்த்தம். வாங்கும் முன்பே டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

டியூபைச் சுற்றியுள்ள சேசிஸ், அதாவது டியூபை இயக்கும் மின்சுற்றுப் பலகை, வேறு கதை. வெல்ஸ்-கார்ட்னரின் கே4600, கே4900, கே7000, எலக்ட்ரோஹோமின் ஜி07, நிண்டெண்டோ பெட்டிகளில் வந்த சான்யோ இவைதான் அந்தக் காலத்து அமெரிக்கப் பெட்டிகளில் அடிக்கடி காணக்கிடைப்பவை. எல்லாவற்றுக்கும் பொது வியாதி காய்ந்துபோன எலக்ட்ரோலிடிக் கண்டென்சர்கள். படம் ஓரங்களில் வளைந்து நெளிந்தால், மேலிருந்து கீழாகத் தடித்த பட்டை ஒன்று மெல்ல ஊர்ந்தால், உயரம் குறைந்து மேற்பகுதி மடிந்து விழுந்தால் கண்டென்சர்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். திரை நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு குறுக்கே நின்றால் செங்குத்துப் பகுதி செயலிழந்திருக்கிறது. அந்தக் கோடு ஒரே இடத்தை எரித்துத் தழும்பாக்கிவிடும் என்பதால் உடனே அணைக்க வேண்டும். எதுவுமே வராமல் ஃபியூஸ் மட்டும் போய்க்கொண்டிருந்தால் ஹாரிசாண்டல் அவுட்புட் டிரான்சிஸ்டரையும், அதைக் கொன்ற ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மரையும் பார்க்க வேண்டும். ஜி07-இல் ஃப்ளைபேக் பிளந்து போவது எல்லோரும் அறிந்த நோய். பழுதுபார்த்த சேசிஸை நேராக மின்சாரத்தில் செருகாமல் தொடரில் இணைத்த பல்பு (சீரீஸ் பல்பு) வழியாக ஏற்றும் வழக்கம் நம் ஊர் டிவி மெக்கானிக்குகளுக்குத் தலைமுறையாகத் தெரிந்தது. அதே உத்தி இங்கும் உதவும். சிக்காகோவில் செய்த சேசிஸானாலும் டியூபும் ஃப்ளைபேக்கும் வேலைசெய்யும் முறை எங்கும் ஒன்றுதான். தொண்ணூறுகளில் பட்டறை நடத்திய ஒரு டிவி மெக்கானிக்கிடம் இந்த மானிட்டரைக் கொடுத்தால் சர்க்யூட் படத்தைப் பார்த்த சில நிமிடங்களில் கை வைத்துவிடுவார். அப்படிப்பட்டவர்களுடைய அனுபவம் இன்று கேட்பாரற்றுக் கிடக்கிறது என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

மறக்கக் கூடாத ஒன்று ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். இந்த மானிட்டர்களில் பலவற்றின் சேசிஸ் வீட்டு மின்சாரத்தோடு நேர்த்தொடர்பில் இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது. பெட்டியின் அடியில் இருக்கும் அந்த டிரான்ஸ்ஃபார்மர்தான் அவற்றைப் பிரித்துவைக்கிறது. மானிட்டரை மேசைமேல் எடுத்துவைத்துச் சோதிப்பவர்கள் அதை மறந்துவிட்டுப் போர்டை எரிப்பதும், தாங்களே அதிர்ச்சி வாங்குவதும் அடிக்கடி நடக்கிறது.

மங்கிப்போன டியூபுக்கு என்ன செய்வது? சென்கோர், பி அண்ட் கே நிறுவனங்களின் பழைய சோதனைக் கருவிகள் டியூபின் மூன்று மின்துப்பாக்கிகளின் வலிமையையும் தனித்தனியாகக் காட்டும். தேவைப்பட்டால் கேத்தோடின் மேல் படிந்த மாசை மின்னதிர்வால் நீக்கிப் புத்துணர்ச்சியும் தரும். சில டியூபுகள் இதில் ஆண்டுக்கணக்கில் பிழைத்துவிடும், சில அங்கேயே முடிந்துபோகும். நிறம் இன்னும் பார்க்கும்படி இருக்கும் டியூபை இன்னும் அழகாக்கலாமே என்று இந்தக் கருவியில் மாட்டுவதை நான் ஏற்கவில்லை. திரையில் பேக்-மேனின் புதிர்ப்பாதை நிழலாகப் பதிந்திருந்தால் அதற்கு மருந்து கிடையாது. அந்த இடத்தில் திரையின் பாஸ்பர் பூச்சு எரிந்துவிட்டது. பழைய வண்ணத் தொலைக்காட்சியின் டியூபை, சாக்கெட்டும், கழுத்தைச் சுற்றியுள்ள யோக் என்ற கம்பிச்சுருளின் மின்தடையும் ஒத்துவந்தால், மாற்றிப் பொருத்தலாம். உலகெங்கும் டியூப் ஆலைகள் மூடப்பட்டுவிட்ட நிலையில் தெருவோரம் கிடக்கும் பழைய டிவிதான் இப்போது உதிரிபாகக் கிடங்கு.

ஆஸ்டராய்ட்ஸ், டெம்பஸ்ட் போன்ற வெக்டர் விளையாட்டுகளுக்கு இந்த நெருக்கடி இன்னும் கடுமை. அவற்றில் மின்கற்றை திரை முழுதும் வரிவரியாக ஓடுவதில்லை, கோட்டைக் கையால் இழுப்பது போல நேரடியாக வரைகிறது. ஆஸ்டராய்ட்ஸில் சுடும் குண்டு ஒரே புள்ளியில் மின்கற்றை நின்று எரிவதால் நட்சத்திரம்போலக் கண்ணைக் குத்தும். எல்.சி.டி. திரையில் அந்தப் பிரகாசத்துக்கு வழியில்லை. டெம்பஸ்டில் வந்த வெல்ஸ்-கார்ட்னர் 6100 தன்னைத்தானே எரித்துக்கொள்வதில் பெயர்பெற்ற மானிட்டர். அதன் தாழ்மின்னழுத்தப் பகுதியை முழுவதும் மாற்றும் பலகைகளை ஆர்வலர்கள் செய்து விற்கிறார்கள்; பொருத்துவதே புத்திசாலித்தனம்.

போர்டுகளுக்கு வந்தால் முதல் எதிரி பேட்டரி. வில்லியம்ஸின் டிஃபென்டர், ஜவுஸ்ட், ரோபோட்ரான் போர்டுகளில் அதிக மதிப்பெண்ணை நினைவில் வைக்க மூன்று ஏஏ பேட்டரிகள் இருக்கும். கசிந்த காரம் செம்புத் தடங்களைத் தின்றுகொண்டே போகும். பேட்டரியைக் கழற்றி, வினிகரால் காரத்தை முறித்து, தண்ணீராலும் பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலாலும் கழுவி, நன்கு உலர்த்த வேண்டும். புதிய பேட்டரிப் பெட்டியை நீளமான வயரோடு போர்டைவிட்டுத் தள்ளி, கீழே தொங்கவிட வேண்டும்.

கேப்காமின் சி.பி.எஸ்.-2 போர்டுகளின் கதை வேறு விதமான துயரம். 1993-இல் வந்த அந்தப் போர்டுகளில் விளையாட்டு மறைகுறியாக்கப்பட்டிருந்தது. அதைத் திறக்கும் சாவி ஒரு சிறு பேட்டரியின் தயவில் உயிரோடிருந்த நினைவகத்தில் இருந்தது. பேட்டரி தீர்ந்தால் சாவி அழியும், போர்டு என்றென்றைக்குமாக ஊமையாகும். களவுப் பிரதிகளைத் தடுக்கச் செய்த ஏற்பாடு, காசு கொடுத்து வாங்கியவர்களின் போர்டுகளைக் காலம் செல்லச் செல்லக் கொன்றது. ஆர்வலர்கள் பல ஆண்டு உழைத்து 2007-இல் அந்த மறைகுறியை முழுவதும் உடைத்தார்கள். 2016-இல் இறந்த போர்டுக்குள் சாவியைத் திரும்ப எழுதும் வழியையும் வெளியிட்டார்கள். ஒரு நிறுவனம் சாகவிட்ட பொருளைச் சம்பளமில்லாத ஆர்வலர்கள் உயிர்ப்பித்த இந்தச் செயலைவிடப் பெரிய சாதனை இந்தத் துறையில் வேறு இல்லை என்றே சொல்வேன்.

மற்றபடி போர்டு பழுதுபார்ப்பு பொறுமையின் வேலை. முதலில் சாக்கெட்டில் உள்ள சிப்புகளை மெல்லக் கழற்றி, கால்களைச் சுத்தம்செய்து திரும்பப் பதிக்க வேண்டும். பல போர்டுகள் அதிலேயே பேசத் தொடங்கும். இப்ராம் சிப்புகளின் கண்ணாடிச் சாளரத்தின் மேலுள்ள தாளை உரிக்கக் கூடாது. வெளிச்சம் பட்டுப் பட்டு உள்ளிருப்பது அழியலாம். தாளில் அச்சாகியுள்ள பதிப்பு எண்ணும் ஓர் ஆவணம்தான். சிப்பில் உள்ளதைப் படித்து, 1997-இல் இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா தொடங்கிய 'மேம்' என்ற எமுலேட்டர் திட்டத்தில் சேமிக்கப்பட்டிருக்கும் நகலோடு ஒப்பிட்டால் எந்தச் சிப் கெட்டது என்று தெரிந்துவிடும். 2114 நினைவகச் சிப்புகளும் ஃபியூஜிட்சு செய்த 74 வரிசைத் தர்க்கச் சிப்புகளும் மற்றவற்றைவிட அதிகம் சாகின்றன என்பது பழுதுபார்ப்போரின் பொது அனுபவம். கலாகா போன்ற நாம்கோ போர்டுகளில் இருக்கும் தனிச் சிப்புகளுக்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும். அவை வெளிச்சந்தையில் என்றுமே விற்கப்படவில்லை. சிலவற்றுக்கு இப்போது ஆர்வலர்கள் ஈடு செய்கிறார்கள். மற்றவற்றுக்கு இன்னொரு செத்த போர்டைத்தான் தேடிப்போக வேண்டும். அதனால் செத்த போர்டு எதையும் தூக்கி எறியாதீர்கள்.

கைப்பிடிகளும் பொத்தான்களும் எளிது. எண்பதுகளின் இயந்திரங்களில் பெரும்பாலும் இரண்டு உலோக இலைகள் தொட்டுக்கொள்ளும் லீஃப் சுவிட்ச். தொடும் முனையில் மெல்லிய முலாம் இருப்பதால் உப்புத்தாள் போடக் கூடாது. கெட்டியான அட்டைத் துண்டை ஆல்கஹாலில் நனைத்து, இலைகளுக்கு நடுவே வைத்து இழுத்தால் போதும். பிறகு இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். டிஃபென்டரில் சுடும் பொத்தான் எவ்வளவு ஒட்டி நிற்கிறதோ அவ்வளவு வேகம் கிடைக்கும். 'கிளிக்' என்று ஒலிக்கும் மைக்ரோ சுவிட்சை அங்கே பொருத்துவது எனக்கு உடன்பாடில்லை; விரலுக்குத் தெரியும் விளையாட்டே மாறிவிடுகிறது. சென்டிபீட் விளையாட்டின் டிராக்பால் இறுகிக் கிடந்தால் பந்தைக் குறைசொல்ல வேண்டியதில்லை, அடியில் உள்ள பேரிங்குகளை மாற்றினால் பந்து வழுக்கிக்கொண்டு சுழலும்.

பெட்டியின் மரத்துக்கு வருவோம். அமெரிக்கப் பெட்டிகளில் பெரும்பகுதி பார்ட்டிகிள் போர்டு. கூடங்களின் தரையை இரவுதோறும் ஈரமாய்த் துடைத்தார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்துக் குடித்து அடிப்பகுதி ஊதிப் பிளந்திருக்கும். சிறிய வீக்கமானால் நீர்த்த எபாக்சியை ஊறவிட்டு, இருபுறமும் பிளாஸ்டிக் தாள் சுற்றிய கட்டைகளை வைத்துக் கிளாம்பால் இறுக்கினால் பழைய தடிமனுக்கு வரும். மூலை உதிர்ந்துபோயிருந்தால் கார் பாடி வேலைக்குப் பூசும் பட்டியைக் கொண்டு கட்டி, உப்புத்தாளால் தேய்த்து வடிவம் கொடுக்கலாம். அடிப்பகுதி முழுவதும் நொறுங்கியிருந்தால் நேர்கோட்டில் வெட்டியெடுத்து, அதே தடிமனில் புதுப்பலகையை ஒட்டுவதே வழி. பெட்டி முழுவதையும் புதுப் பலகையில் செய்துவிட்டு அசல் என்று விற்பவர்களும் உண்டு. செய்வதில் குற்றமில்லை, சொல்லாமல் விற்பதில்தான் குற்றம். விளிம்பில் ஓடும் டி-மோல்டிங் பட்டை மலிவு. கடைசியில் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். வளைவுகளில் அடித்தண்டில் சிறு வெட்டுகள் போட்டு, ஹேர் டிரையரால் சூடாக்கி வளைத்தால் துருத்தாது.

கறுப்புப் பெயின்டுக்கு அடியில் அசல் படம் இருக்கிறதா என்பதுதான் பெட்டிவேலையில் மனம் படபடக்கும் கட்டம். மிட்வேயின் பேக்-மேன் பெட்டிகளில் பக்கவாட்டுப் படம் ஸ்டென்சில் வைத்துப் பெயின்டாலேயே அடித்தது. மேலே அடித்த மலிவான பெயின்ட் பெரும்பாலும் அசல் பெயின்டைவிட மென்மையானது. கண்ணில் படாத மூலையில் முதலில் சோதித்து, மெதுவாக வேலைசெய்யும் பெயின்ட் நீக்கியைப் பூசி, பிளாஸ்டிக் கத்தியால் சிறிது சிறிதாக வழித்தால் அடியில் மஞ்சளும் சிவப்பும் எழுந்துவரும். தின்னரை ஊற்றித் தேய்ப்பவர்களுக்கு இரண்டும் சேர்ந்து கரைந்து கையில் வரும். பாதிப் படம்தான் மிஞ்சியது என்றால் என்ன செய்வது? இந்த இடத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: மிஞ்சிய அசலை வைத்துக்கொண்டு, உதிர்ந்த இடத்தை மட்டும் நிறம் சேர்த்து நிரப்ப வேண்டும். நிறத்தைப் பொருத்த, வெயிலும் விளக்கும் படாத இடத்தைப் பார்க்க வேண்டும். கட்டுப்பாட்டுப் பலகையின் மடிப்புக்கு அடியிலும் நாணயக் கதவின் சட்டத்துக்குப் பின்னாலும் தொழிற்சாலை நிறம் அப்படியே இருக்கும். இன்று கிடைக்கும் மறுபதிப்புப் படங்களில் பல டிஜிட்டல் அச்சு. நெருங்கிப் பார்த்தால் புள்ளிப்புள்ளியாகத் தெரியும். அசலில் ஒவ்வொரு நிறமும் தனித்தனி மையாகக் கெட்டியாக உட்கார்ந்திருக்கும். திரை அச்சிலேயே மறுபதிப்புச் செய்பவர்களும் சிலர் இருக்கிறார்கள். விலை கூடுதல், ஆனாலும் அதுதான் அந்தப் பெட்டிக்குப் பொருந்தும்.

திரையைச் சுற்றியுள்ள கண்ணாடியையும் மேலே ஒளிரும் பெயர்ப்பலகையையும் துடைக்கும்போது எச்சரிக்கை தேவை. மை ஏற்றியிருப்பது பின்பக்கம். காலத்தால் உலர்ந்த மை, ஈரத்துணி பட்டாலே செதில் செதிலாக உரிந்துவரும். முன்பக்கத்தை மட்டும் துடைத்து, பின்பக்கத்தை மென்தூரிகையால் தட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பெயர்ப்பலகைக்குப் பின்னால் உள்ள குழல்விளக்கின் சூடும் புறஊதாக் கதிரும்தான் மை உரிந்ததற்குக் காரணம். அங்கே எல்.இ.டி. குழல் போடுவதை நான் வரவேற்கிறேன். அசலைக் காப்பாற்றும் மாற்றம் அது. ஸ்பேஸ் இன்வேடர்ஸ் நிமிர்நிலைப் பெட்டியில் இன்னும் கவனம் வேண்டும். கறுப்பு வெள்ளை மானிட்டரின் பிம்பம் பாதி ரசம் பூசிய கண்ணாடியில் எதிரொளித்து, நிலவுப் பின்னணி ஓவியத்தின் மேல் மிதக்கும். நிறங்கள் வண்ணத் தாள் பட்டைகளால் வருபவை. அந்தக் கண்ணாடியை வழக்கமான கிளீனர் கொண்டு தேய்த்தால் ரசம் போய்விடும், பின்பு அந்த மிதக்கும் காட்சியும் இல்லை.

சீரமைத்த இயந்திரத்தை விளையாடவிடலாமா என்பது அடுத்த கேள்வி. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் லக்கோனியாவின் ஃபன்ஸ்பாட்டில் உள்ள அமெரிக்கன் கிளாசிக் ஆர்கேட் அருங்காட்சியகத்திலும், இல்லினாய் மாநிலத்துப் புரூக்ஃபீல்டின் கேலப்பிங் கோஸ்ட் ஆர்கேடிலும் நூற்றுக்கணக்கான இயந்திரங்களில் மக்கள் விளையாடுகிறார்கள். ராச்செஸ்டரின் ஸ்ட்ராங் தேசிய விளையாட்டு அருங்காட்சியகமோ பொருளை ஆவணமாகவும் பாதுகாக்கிறது. விளையாடினால் தேய்கிறது, விளையாடாவிட்டால் அது வெறும் மரப்பெட்டி. இந்த முரணுக்கு ஃபன்ஸ்பாட் போன்ற இடங்கள் கண்டிருக்கும் வழி, ஓடவிட்டுக்கொண்டே பழுதுபார்ப்பது. தேயும் பகுதி மாற்றக்கூடியதாக இருந்தால் விளையாடட்டும் என்பதே என் எண்ணம். டியூபுக்கு மட்டும் ஒரு சலுகை கொடுக்கலாம்: பிரகாசத்தைக் குறைத்து வைத்து, ஆளில்லாத நேரம் அணைத்துவைத்தால் அதன் ஆயுள் வெகுவாகக் கூடும்.

டியூபும் இல்லை, போர்டும் இல்லை, வெறும் கூடு மட்டும்தான் கிடைத்தது என்றால் எல்.சி.டி.யும் சிறு கணினியும் பொருத்திக்கொள்வதில் தவறு காண நான் தயாராக இல்லை. 224-க்கு 288 புள்ளிகளில் நிற்கும் பேக்-மேனை நவீனத் திரையில் காட்டும்போது கட்டம் கட்டமாகத் தெரியும். வரிநிழல் சேர்க்கும் மென்பொருளால் கொஞ்சம் சமாளிக்கலாம். ஆனால் ஓடக்கூடிய டியூபையும் போர்டையும் பிடுங்கி வீசிவிட்டு அதைச் செய்வது வேறு. இரண்டாயிரத்துக்குப் பின் பலர் அப்படிச் செய்து, பிறகு அதே போர்டைப் பல மடங்கு விலைக்குத் தேடினார்கள். கழற்றினாலும் எதையும் வெட்டாமல், புது ஓட்டை போடாமல், பழையபடி திரும்பப் பொருத்தும்படியே கழற்ற வேண்டும்.

கழற்றிய கண்டென்சர் தவிர மற்ற அசல் பாகங்களை ஒரு பையில் போட்டு, எப்போது என்ன மாற்றப்பட்டது, எந்த மின்னழுத்தத்தில் வைக்கப்பட்டது என்று ஒரு தாளில் எழுதி, தொடர் எண் தகட்டின் படத்தோடு நாணயப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிடலாம். இந்த இயந்திரங்கள் அடிக்கடி கைமாறுபவை. அடுத்துத் திறப்பவர் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான்.